பூ அமர்ந்த இடம்: சுக்கினியையும் கத்தரியையும் பிரித்தறிதல்

கருநீல நிறத்தில் நீண்டு பளபளக்கும் கத்தரிக்காயும், கரும்பச்சை நிறத்தில் அதே நீளமும் பருமனும் கொண்ட சுக்கினியும் கடையில் அடுத்தடுத்த தட்டுகளில் இருந்தால், முதன்முறை பார்ப்பவர் தடுமாறுவது இயல்பு. கத்தரி இங்கே தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் காய். சுக்கினியோ நம் பெருநகரக் கடைகளுக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தது. அதனால் தெரியாத காயைத் தெரிந்த காயின் கண்ணோடு பார்க்கிறோம். இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழி ஒன்றுண்டு: ஊதாவாக இருந்தால் கத்தரி, பச்சையாக இருந்தால் சுக்கினி. இந்த வழி நம்மைப் பார்க்கவேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தைப் பார்க்க வைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். காயின் நிறமும் நீளமும் பருமனும் உழவர்கள் தம் தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்பப் பல நூறு தலைமுறைகளாக மாற்றி வந்தவை. அவை ஒரு செடியின் இனத்தைவிட அதை வளர்த்தவர்களின் விருப்பத்தையே அதிகம் சொல்கின்றன. அந்தக் கைகள் மாற்றாமல் விட்ட ஒன்று உண்டு. பூ, காயின் எந்த முனையில் அமர்ந்திருந்தது என்பதே அது. அதன் சுவடு காயில் அப்படியே தங்கியிருக்கிறது. அதைப் படித்துவிட்டால் காயின் பெயர் தெரிவதோடு, அது கசந்தால் என்ன செய்வது, அதன் விதையை எப்படிச் சேமிப்பது, அதே பாத்தியில் அடுத்து எதை நடுவது என்பனவும் தெளிவாகும்.

முதலில் நிறத்தை எடுத்துக்கொள்வோம். கத்தரியின் ஊதா, ஆந்தோசயனின் என்னும் நிறமிக் குழுவால் வருவது. தோலுக்குள் மட்டுமே அது படர்ந்திருக்கும், சதை வெண்மையாகவே இருக்கும். பல ரகங்களில் இந்த நிறமி உருவாக வெளிச்சம் வேண்டும். காம்போடு ஒட்டிய பச்சைத் தொப்பியைத் தூக்கிப் பார்த்தால், அதன் நிழலில் இருந்த தோல் வெளிறி இருப்பதைக் காணலாம். சுக்கினித் தோலின் பச்சை, இலையில் உள்ள அதே பச்சையம். கத்தரியின் ஊதா சுக்கினியில் வருவதில்லை. ஆகவே ஊதா நிறக் காய் சுக்கினி அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் இதைத் திருப்பிப் போட்டால் பொய்யாகிவிடும். ஊதா இல்லாத காய் கத்தரி அல்ல என்று சொல்லவே முடியாது. நீண்ட பச்சைக் கத்தரி இருக்கிறது, பச்சையில் ஊதாக் கோடு ஓடும் வரிக்கத்தரி இருக்கிறது, தூய வெள்ளைக் கத்தரியும் இருக்கிறது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம் 1 ரகத்தின் காய்கள் முட்டை வடிவில் பால் வெண்மையாகக் கொத்துக் கொத்தாகக் காய்ப்பவை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள் கத்தரியை எடுத்துக்கொண்டால், அதை அடையாளம் காட்டுவது அதன் முள்தான். சுக்கினியிலும் பச்சை மட்டும் இல்லை. பளிச்சிடும் மஞ்சள், வெளிர்பச்சை, வரிகளும் புள்ளிகளும் கொண்டவை எல்லாம் சந்தையில் உண்டு. ஒரு திசையில் மட்டும் செல்லுபடியாகும் சான்றை இரு திசைக்கும் சான்றாக வைத்துக்கொள்வதுதான் நிற விதியின் பிழை.

வடிவமும் கைகொடுப்பதில்லை. அதற்கான காரணம் நிறத்தைவிடச் சுவையானது. சுக்கினி, கத்தரி இரண்டையுமே நாம் முற்றும் முன் பறிக்கிறோம். சுக்கினியைப் பூ விரிந்த ஒரு வாரத்துக்குள், ஒரு சாண் நீளம் வந்ததும் அறுத்துவிடுவார்கள். கத்தரிக்கு இன்னும் கூடுதல் நாள் ஆகும் என்றாலும், அதன் விதை கடினமாகும் முன்னரே பறித்தால்தான் சமையலுக்கு ஆகும். முற்ற விட்டால் இரண்டும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கத்தரி மஞ்சளும் பழுப்புமாகப் பழுத்து, விதை நிறைந்து, கசப்பேறும். சுக்கினி பல மடங்கு பெருத்து, தோல் கட்டையாகி, பூசணியின் சாயலுக்குத் திரும்பும். மென்மையான தோல், வெள்ளைச் சதை, பல்லில் படாத விதை ஆகிய மூன்றும் நாம் பறிக்கத் தேர்ந்த பருவம் தந்த ஒற்றுமைகள், உறவு தந்தவை அல்ல. சதையில் நீரின் பங்கு இரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டும். நீளமும் அப்படித்தான். பூசணி இனங்களில் உருண்டை, தட்டை, வளைகழுத்து என்று எத்தனையோ வடிவங்கள் இருக்க, சீரான உருளையாக நீண்ட சுக்கினி 19ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் மிலான் நகரைச் சுற்றி உருப்பெற்றது. இத்தாலியிலிருந்து குடியேறியவர்களோடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அமெரிக்காவுக்குப் போனது. நீளமான கத்தரியைத் தேர்ந்து வளர்த்தவர்கள் ஆசிய உழவர்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரு கூட்டத்தார் வாணலிக்கு ஏற்ற ஒரே வடிவத்தை நாடிப் போயிருக்கிறார்கள்.

பூவுக்கு வருவோம். கத்தரிப்பூவைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் வெளிர் ஊதாவை ஒரு நிறத்தின் பெயராகவே சேலைக் கடையில் சொல்கிறோம். இதழ்கள் அடியில் ஒட்டி, நுனியில் ஐந்தாகப் பிரிந்து, நட்சத்திரம் போல விரியும். நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். இதே அமைப்பைச் சுண்டைச் செடியில் வெள்ளையாகவும், தூதுவளையிலும் கண்டங்கத்தரியிலும் ஊதாவாகவும், மணத்தக்காளியில் சிறிய வெள்ளைப் பூவாகவும், தக்காளியில் மஞ்சளாகவும் காணலாம். நிறம் மாறுகிறது, அளவு மாறுகிறது, அமைப்பு மட்டும் மாறாமல் நிற்கிறது. மூலிகை பறிக்கத் தெரிந்த எந்தக் கிராமத்துப் பெரியவரும் இந்தப் பூக்களை ஒரு சாதியாகப் பார்ப்பார். தாவரவியலும் அதையே சொல்கிறது: இவை அனைத்தும் சொலனேசி என்னும் ஒரே குடும்பம், தக்காளி உட்பட இங்கே சொன்னவை யாவும் சொலானம் என்னும் ஒரே பேரினம். இந்தப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கும். சூலகப்பை, அதாவது பின்னாளில் காயாகப்போகும் பகுதி, இதழ்களுக்கு உள்ளே, அவை புறப்படும் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும். தாவரவியலார் இதை மேல்மட்டச் சூலகப்பை என்பார்கள். இதழ் உதிர்ந்த பிறகும் அதன் அடியில் இருந்த பச்சைப் புல்லி வட்டம் உதிராது. காயோடு சேர்ந்து தானும் வளர்ந்து, அதன் தோளைப் பிடித்துக்கொள்ளும். கத்தரிக்காயின் பச்சைத் தொப்பி என்பது பூவின் அடிப்பகுதிதான்.

சுக்கினிப் பூவும் நமக்கு முற்றிலும் அந்நியம் அல்ல. மார்கழியில் வாசல் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரில் செருகும் பூசணிப் பூவின் நெருங்கிய உறவு அது: உள்ளங்கை அளவில் ஆரஞ்சு கலந்த மஞ்சள், விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியாக வரும். மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண். குட்டையான தடித்த காம்பும், இதழ்களுக்குக் கீழே விரல் போன்ற ஒரு பிஞ்சும் கொண்டது பெண். இந்தப் பிஞ்சு மகரந்தம் சேர்ந்த பிறகு உண்டாவது அல்ல. பூ மொட்டாக இருக்கும்போதே அது காயின் வடிவில் கீழே காத்திருக்கிறது. பாகல், புடலை, பீர்க்கு, சுரை, வெள்ளரி, கோவை, பரங்கி என நம் பந்தலில் ஏறும் காய்கள் அனைத்துக்கும் இதே கதைதான். பெண் பூவை அடையாளம் காண இந்தக் கொடிகளை வளர்ப்பவர்கள் எல்லாரும் பார்ப்பது பூவுக்குக் கீழே உள்ள பிஞ்சைத்தான். இங்கே சூலகப்பை கீழ்மட்டம். பூவின் எல்லா வட்டங்களும் அதன் தலைக்கு மேலே அமர்ந்திருக்கின்றன. சுக்கினியை நட்டுவைத்தவர் கொடி ஏறவில்லையே என்று ஐயப்படத் தேவையில்லை. அது குத்துச்செடியாக வளருமாறு தேர்ந்தெடுக்கப்பட்டது. கொடியின் பழக்கம் போய்விட்டது, பூவின் அமைப்பு போகவில்லை.

இனி இதைக் காயின் மேல் படிக்கலாம். கத்தரியில் பூ இருந்தது காம்பு முனையில். காய் பூவுக்குள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வளர்ந்தது. ஆகவே காம்பு முனையில் புல்லிகளின் தொப்பி இருக்கும், சில ரகங்களில் அதில் முள்ளும் இருக்கும். மறு முனையில், மெல்லிய சூல்தண்டு ஒட்டியிருந்த சிறு புள்ளியைத் தவிர வேறெதுவும் இராது. சுக்கினியில் பூ இருந்தது காம்புக்கு எதிர் முனையில். ஆகவே காம்பு முனையில் தொப்பி இருக்க வழியே இல்லை. ஐந்து விளிம்புகள் எழுந்த கட்டையான காம்பு நேராகக் காயில் இணையும், மறு முனையில் பூ உதிர்ந்த வட்ட வடு தெரியும். இத்தாலியச் சந்தைகளில் இளம் சுக்கினியைப் பூ வாடும் முன்னரே விற்பதுண்டு. அங்கே மஞ்சள் பூ காயின் நுனியில், காம்புக்கு நேர் எதிரே, ஒட்டிக்கொண்டிருக்கும். கத்தரியில் அப்படி ஒரு காட்சியை எந்த ரகத்திலும் காண முடியாது. கடைக்காரர் கத்தரியின் காம்பை வெட்டி, தொப்பியையும் கிள்ளி எறிந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். தொப்பி போனாலும் அது மூடியிருந்த தோல் பெரும்பாலும் நிறம் வெளிறி, காம்பைச் சுற்றி ஓர் அலையலையான எல்லையைக் காட்டும். காம்பு முழுதும் போன சுக்கினியிலும் நுனி வடு எஞ்சும்.

காய் வெட்டப்பட்டிருந்தால் சான்று உள்ளே போகிறது. சுக்கினியைக் குறுக்கே வெட்டினால் நடுப்பகுதி மூன்றாகப் பிரிந்த சாயல் தெரியும். அதன் சூலகம் மூன்று சூலக இலைகள் சேர்ந்தது, சூல்கள் சுவர்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வளரும் திசுவில் ஒட்டியவை. விதை தட்டையாக, வெளிறிய நிறத்தில், பூசணி விதையின் இளவடிவமாக இருக்கும். கத்தரியில் விதை நடு அச்சைச் சார்ந்த சதைத் திண்டுகளில் பதிந்து, வெட்டுமுகம் எங்கும் வளைகோடுகளாகப் பரவியிருக்கும். சிறியது, மிளகாய் விதையின் சாயல் கொண்டது. வெட்டி வைத்துச் சிறிது நேரம் விட்டால் இன்னொன்றும் தெரியும். கத்தரி பழுப்பேறும், சுக்கினி ஏறக்குறைய அப்படியே இருக்கும். கத்தரிச் சதையில் குளோரோஜெனிக் அமிலம் மிகுதி. வெட்டும்போது செல்கள் உடைந்து, நொதியும் காற்றும் சேர்ந்து அதைப் பழுப்பாக்குகின்றன. நறுக்கிய கத்தரியைத் தண்ணீரில் போடும் நம் வழக்கத்தின் காரணம் இதுவே. ஆனால் உள் அமைப்பு எல்லாமே இரண்டையும் பிரித்துக் காட்டும் என்றும் எண்ணிவிடக் கூடாது. தண்டை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், உணவு கடத்தும் திசு நீர் கடத்தும் திசுவின் வெளிப்புறமும் உட்புறமுமாக இருபக்கமும் அமைந்திருப்பது தெரியும். தாவர உலகில் சில குடும்பங்களில் மட்டுமே உள்ள இந்த அமைப்பு, பூசணிக் குடும்பத்திலும் இருக்கிறது, கத்தரிக் குடும்பத்திலும் இருக்கிறது. வேறு வேறு வழியில் வந்த இரு குடும்பங்கள் ஒரே அமைப்பில் போய் நின்ற இடம் இது. நுண்ணோக்கி காட்டுவதாலேயே ஒரு சான்று ஆழமானதாகிவிடாது.

அப்படியென்றால் பூ அமர்ந்த இடத்தை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? இது நியாயமான எதிர்க்கேள்வி. அதுவும், பூ மாறவே மாறாது என்பது உண்மையல்ல. காட்டுக் கத்தரியான சொலானம் இன்சானமின் பூவில் உறுப்புகள் ஐந்தைந்தாக இருக்கும், காய் சிறு உருண்டை. பெரிய காய்க்காகத் தேர்ந்த ரகங்களில் இதழும் மகரந்தத் தாளும் ஆறு, ஏழு, எட்டு என்று கூடிவிடுகின்றன, சூலக அறைகளும் பெருகுகின்றன. காய் பெருத்ததன் பின்விளைவு அது. லின்னேயஸ் 1753இல் செடிகளை வகைப்படுத்தியபோது மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையை முதற்படியாக வைத்தார். கத்தரியை ஐந்து தாள் கொண்டவற்றில் சேர்த்தார், பூசணியை ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியே வருபவற்றில் சேர்த்தார். இரண்டும் தனித்தனி இடத்தில் விழுந்தன, ஆனால் எண்ணிக்கை என்ற அளவுகோல் ஒரு பெரிய கத்தரிப்பூவை எண்ணியவுடனே ஆட்டம் காண்கிறது. 1789இல் பாரிசில் அந்துவான் லோரான் தெ ஜூசியூ, உறுப்புகள் சூலகப்பைக்குக் கீழே தோன்றுகின்றனவா, சுற்றியா, மேலேயா என்ற இடத்துக்கு எடை கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் பெந்தமும் ஹூக்கரும் வகுத்த முறையில் ஒரு சறுக்கல் உண்டு. இதழ்கள் இணைந்திருந்தும் பூசணிக் குடும்பம் அங்கே தனித்தனி இதழ் உடைய பிரிவில் வைக்கப்பட்டது. தாவரவியலாளர் கேம்பிள் சென்னை மாகாணத் தாவரங்களுக்கு எழுதத் தொடங்கிய நூலும் அந்த முறையையே பின்பற்றியது. எண்ணிக்கை தவறியது, இதழின் இணைப்பு தவறியது. ஆனால் பெருத்த கத்தரிப்பூவில் எட்டு இதழ் இருந்தாலும் அவை சூலகப்பையின் அடியிலிருந்தே புறப்படுகின்றன. எந்தச் சுக்கினியிலும் அவை அதன் உச்சியிலிருந்தே புறப்படுகின்றன. உறுப்பின் எண்ணிக்கை கூடுவதற்குச் சிறு மரபணு மாற்றம் போதும். சூலகப்பை பூவின் அடிக்கு இறங்குவதற்கோ பூ உருவாகும் முறையே மாறியாக வேண்டும். பெரிய காய்க்காகவோ மென்மையான தோலுக்காகவோ தேர்ந்தவர் எவரும் அதைத் தொடத் தேவை ஏற்படவில்லை.

இரு செடிகளின் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. மெக்சிகோவின் வாஹாகா மாநிலத்தில் கிலா நகித்ஸ் என்னும் குகையில் கிடைத்த பூசணி விதைகளைத் தொல்லியலாளர் புரூஸ் ஸ்மித் 1997இல் ஆராய்ந்து, அவற்றுள் பழமையானவை ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் வளர்த்தவை என்று காட்டினார். சுக்கினி சேர்ந்த குக்கர்பிட்டா பெப்போ இனத்தின் விதைகள் அவை. அதன் காட்டு உறவினங்களின் காய் சிறிதாக, கட்டைத் தோலோடு, நாக்கைச் சுடும் கசப்போடு இருந்தது. அந்தக் கசப்பைத் தாங்கிய பேருயிர்களான மாஸ்டோடான் யானைகள் அவற்றைத் தின்று விதையைப் பரப்பியதற்கு, அவற்றின் சாணப் படிவுகளில் கிடைத்த விதைகள் சான்று. அந்தப் பேருயிர்கள் அழிந்த பின் அந்தக் கொடியைக் காப்பாற்றியது மனிதரின் தோட்டம். கத்தரியோ ஆசியாவின் பிள்ளை. இந்தியாவிலும் அதற்குக் கிழக்கே உள்ள நாடுகளிலும் அதன் காட்டு உறவினங்கள் முள்ளோடு இன்றும் வளர்கின்றன. சீனத்தில் வாங் பாவோ கி.மு. 59இல் எழுதிய உரைநடையில் கத்தரி பற்றிய குறிப்பு உண்டு. அங்கிருந்தும் இங்கிருந்தும் பாரசீகம், அரேபியா வழியாக அது ஸ்பெயினை எட்டியது. கொலம்பசுக்கு முன் இவ்விரு செடிகளையும் ஒருங்கே பார்த்த மனிதர் எவரும் இருந்திருக்க முடியாது. இரண்டும் ஒரே நூலில் படமாக வருவதற்கு 16ஆம் நூற்றாண்டு ஆனது. ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் வெளியிட்ட மூலிகை நூலில் கத்தரியும் பூசணியும் இலை, பூ, காயோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. கத்தரியை அக்காலத்து ஐரோப்பியர் நெடுநாள் ஐயத்தோடு பார்த்தார்கள். நச்சுச் செடிகள் பல நிறைந்த குடும்பத்தின் சாயல் அதில் தெரிந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறேன். உறவைக் கண்டது சரி, அதிலிருந்து காயும் நஞ்சு என்று முடிவுகட்டியது தவறு. இன்றைய மரபணு ஆய்வு கத்தரிக்கு 12 ஜோடி, சுக்கினிக்கு 20 ஜோடி நிறப்புரிகள் என்று எண்ணி, இரு குடும்பங்களும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்த கிளைகளில் இருப்பதாகக் காட்டுகிறது. பூ சொன்னதை அது வேறு வழியில் உறுதி செய்கிறது.

இவ்வளவும் சரி, சமையலறையில் இதனால் என்ன பயன் என்பதே இருப்பவற்றில் வலுவான மறுப்பு. தென் பிரான்சின் ரத்தத்தூயி என்னும் குழம்பில் இரண்டும் ஒரே சட்டியில் வேகின்றன. சத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டையும் வதக்கலாம், சுடலாம், பொரிக்கலாம். குடும்பப் பெயர் தெரியாமலேயே ருசியாகச் சமைத்துவிடலாம். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே குழம்பைக் கவனமாகச் செய்பவர்கள் இரண்டையும் தனித்தனியே வதக்கிப் பிறகே சேர்க்கிறார்கள். கத்தரியின் சதையில் செல்களுக்கு இடையே காற்று நிறைந்திருப்பதால் அது முதலில் எண்ணெயை உறிஞ்சும். சுக்கினி அவ்வளவு உறிஞ்சாது, நீரை விடும். ஒன்றுக்கு ஏற்ற தீ மற்றதற்கு ஏற்றதல்ல. இது சுவையைப் பற்றியது, பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது கசப்பு. கத்தரி சற்றுக் கசந்தால் நம் வீடுகளில் யாரும் அஞ்சுவதில்லை. உப்புத் தண்ணீரில் போடுவார்கள், புளி கூட்டுவார்கள், உண்பார்கள். அது பிழையும் இல்லை. வளர்ப்புக் கத்தரியில் உள்ள ஆல்கலாய்டு அளவு குறைவு, முற்றிய காயின் கசப்பு சுவையைக் கெடுக்குமே தவிர, வழக்கமாக உண்ணும் அளவில் ஆளைச் சாய்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தைச் சுக்கினிக்குக் கொண்டுபோனால் விளைவு வேறு. சுக்கினியின் கசப்பு குக்கர்பிட்டசின் என்னும் பொருளால் வருவது. அது வெந்தாலும் அழியாது, உப்பில் ஊறவைத்தாலும் நீங்காது. கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, அதனால் உடலின் நீர் வற்றிப்போதல் வரை கொண்டுபோகும். 1980களில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கசப்புச் சுக்கினி உண்டவர்கள் நோயுற்றது ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கிறது. 2015 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்தார். காயைக் கத்தரியோடு குழப்புபவர் அதன் கசப்பையும் கத்தரியின் கசப்பாகவே எடுத்துக்கொள்வார். என் கவலை இதுதான்.

பாகற்காயின் கசப்பை விரும்பி உண்கிறோமே, அதுவும் அதே குடும்பம்தானே என்று கேட்கலாம். குடும்பம் ஒன்றுதான். கசப்புப் பொருள்களும் தூரத்து உறவுகள்தான், ஆனால் ஒன்றல்ல. பாகலின் கசப்பு அந்த இனத்துக்கு இயல்பானது, மனிதர் உண்டு பழகிய அளவில் நிலைத்தது. சுக்கினிக்கோ கசப்பின்மையே இயல்பு. அதில் கசப்பு தென்பட்டால், பத்தாயிரம் ஆண்டு உழைப்பு களைந்த காட்டுக் குணம் திரும்பியிருக்கிறது என்று பொருள். சுரைக்காயில் இதே நடந்து, கசந்த சுரைச் சாற்றைக் குடித்தவர்கள் இந்தியாவில் இறந்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு வல்லுநர் குழுவை அமைத்து, கசக்கும் சுரைச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. சுரைக்குச் சொன்னதைச் சுக்கினிக்கும் சேர்த்தே கொள்ள வேண்டும், கத்தரிக்குச் சேர்க்க வேண்டியதில்லை. எதை எதோடு சேர்ப்பது என்பதைச் சொல்வது தோல் நிறமா, பூ அமைப்பா என்று கேட்டால் விடை தெளிவு. இலையிலும் இதே பாடம்தான். பரங்கியின் இலையும் பூவும் நம் சமையலில் இடம்பெறுவது போல, சுக்கினியின் பூவை உண்ணலாம், இத்தாலியர் மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். கத்தரியின் இலையும் பூவும் உணவாவதில்லை. அந்தக் குடும்பத்தின் ஆல்கலாய்டுகள் பச்சைப் பகுதிகளில்தான் கூடுதல்.

தோட்டத்திலும் இதே பிரிவுதான் வழிகாட்டும். சுக்கினிக்குத் தேனீ வேண்டும். விடியலில் விரிந்த பூ முற்பகலுக்குள் மகரந்தம் பெறவில்லை என்றால், பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகி அழுகும். நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பவர்கள் தேனீயையும் விரட்டிவிடுகிறார்கள். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவினாலே போதும். கத்தரிப் பூவின் மகரந்தம் பையின் நுனித் துளை வழியே மட்டும் உதிர்வது. சாதாரணத் தேனீயால் அதை உலுக்க இயலாது. உடலை அதிரவைத்து உலுக்கத் தெரிந்த கருவண்டுத் தேனீ போன்றவை அதைச் செய்கின்றன, காற்றின் அசைவும் ஓரளவு உதவும். கத்தரியைத் தண்டுத் துளைப்பானும் காய்த் துளைப்பானும் தாக்கும், சிற்றிலை நோய் முடக்கும். சுக்கினியைப் பழ ஈயும் சாம்பல் நோயும் தேடி வரும். தக்காளியும் மிளகாயும் வாடல் நோயில் செத்த பாத்தியில் அடுத்துக் கத்தரியை நட்டால் அதே கிருமி காத்திருக்கும், சுக்கினியை நடலாம். ஒட்டுக் கட்டுபவர்களுக்கு உறவு இன்னும் வெளிப்படை. கத்தரியைச் சுண்டை வேர்மேல் ஒட்டினால் அது பிடித்து, வாடலையும் தாங்கி, நெடுநாள் காய்க்கும். சுக்கினித் தண்டை அந்த வேர் ஏற்காது. பூவைப் பார்த்துச் சொன்ன உறவை வெட்டுப்பட்ட திசுவும் ஒப்புக்கொள்கிறது.

விதை சேமிப்பவருக்கு இந்தப் பிரிவு இன்னும் அவசியம். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஓரளவு அயற்சேர்க்கை உண்டு என்பதால் ரகங்களைச் சற்று விலக்கி நட்டு, பழுத்து மஞ்சளான காயிலிருந்து விதை எடுத்தால் போதும். சுக்கினி அப்படியல்ல. பக்கத்தில் அழகுக்காக வளர்க்கும் கசப்புக் குடுக்கை இருந்து, அதுவும் குக்கர்பிட்டா பெப்போ இனமாக இருந்துவிட்டால், தேனீ அங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டுவரும். அந்தப் பருவத்தின் காயில் ஒன்றும் தெரியாது, ஏனெனில் காயின் சதை தாய்ச்செடியின் உடல். கசப்பு விதைக்குள் ஒளிந்து, அடுத்த பருவத்தில் முளைத்த செடியின் காயில் வெளிப்படும். ஹைடன்ஹைம் நிகழ்வுக்குப் பிறகு ஜெர்மனியில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, சுக்கினிக்குத் தாமே எடுத்த விதையைத் தவிர்க்க வேண்டும் என்பது. அப்படியும் சேமித்தே தீருவேன் என்பவர், மறுநாள் விரியவிருக்கும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முந்தைய மாலையே நூலால் கட்டிவிட வேண்டும். விடிந்ததும் ஆண் பூவை அவிழ்த்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் தொட்டுவைத்து, பெண் பூவை மீண்டும் கட்டி அடையாளம் இட வேண்டும். அந்த விதையில் வளர்ந்த ஒவ்வொரு செடியின் முதல் காயையும் சமைக்கும் முன் நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு, அந்தச் செடியையே வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.